கத்தியைக் காதில் வைத்துப் பார்த்த சிஸ்டர்

ஒரு பேனாக்கத்தியை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய சிஸ்டர் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். பிடி இடது கையில் இருக்கும். வலது கட்டைவிரல் நகத்தை அலகின் சிறு பள்ளத்தில் வைத்து, காதருகே கொண்டுபோய் மெல்லத் திறப்பார். ‘டக்’. மெல்ல மடிப்பார். ‘டக்’. மறுபடியும் திறப்பார். சுற்றிலும் பெங்களூர் சிவாஜிநகரின் அத்தனை இரைச்சலும் இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும் பஸ்களின் ஹாரன், கறிக்கடைகளில் கட்டையில் விழும் வெட்டு, மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரத்துக்குப் பின்னால் ஏதோ எந்திரத்தின் உறுமல். அவ்வளவுக்கும் நடுவில் அந்தச் சின்னச் சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துக் கேட்பார். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். எனக்கு எல்லா ‘டக்’கும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

காக்ஸ் டவுனில் எங்கள் எதிர்வீடு அவருடையது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்குமே அவர் சிஸ்டர்தான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் அவருக்கு நான் டீச்சர். இருபது வருடத்துக்கு மேல் பழகியும் நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் எழுதும் இந்தப் பக்கத்திலும் அப்படியே இருக்கட்டும்.

தனியாக இருக்கும் பெண், வீட்டில் அலமாரி இழுப்பறை நிறையக் கத்தி வைத்திருக்கிறார் என்றால் தெரு சும்மா இருக்குமா? “நம்ம தெருவுல அந்த வீட்டுக்கு மட்டும் திருடன் வரமாட்டான்” என்று மூலைவீட்டுக்காரர் சொல்வார். நானும் முதலில் கொஞ்சம் பயந்துதான் போனேன். ஒருநாள் கூரியரில் வந்த பெட்டியைப் பிரிக்க முடியாமல் அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். “கத்திரிக்கோல் இருக்கா சிஸ்டர்?” என்றேன். “கத்தி இருக்கு, வாங்க” என்று சொல்லி இழுப்பறையைத் திறந்தார்.

உள்ளே பச்சைக் கம்பளித் துணி விரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் விட்டு, வரிசையாக மடக்குக்கத்திகள் இருந்தன. பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. ஒரு தட்டில் அடங்கிவிடும். எலும்புப் பிடி போட்டது, கருங்காலிப் பிடி போட்டது, இரண்டு அலகு உள்ளது, கிளி மூக்குப்போல வளைந்த ஒற்றை அலகு உள்ளது. எதிலும் துரு இல்லை. ஆனால் எதுவும் புதிதாகவும் இல்லை. அலகுகளில் பயன்பட்ட தடம் தெரிந்தது. சேகரிப்பவர்கள் தொடாமல் பூட்டி வைப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஒன்றை எடுத்து என் பெட்டியின் நாடாவை ஒரே இழுப்பில் கிழித்தார். துடைத்தார். மடித்து, அது இருந்த இடத்திலேயே வைத்தார்.

“வெட்டாத கத்திய வச்சிருந்து என்ன பண்றது டீச்சர்?”

“ஆஸ்பத்திரியிலும் நாள் முழுக்கக் கத்தி. வீட்டுக்கு வந்தும் கத்தியா?” என்றேன்.

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தக் கேள்வியையும் அவர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

“அங்க டாக்டர் கேக்கறத எடுத்துக் குடுக்கறேன். இங்க கேக்கறதும் நான், குடுக்கறதும் நான்.”

முதல் சம்பளத்தில் கைக்கடிகாரம் வாங்கப் போனாராம். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தபோது கடிகாரங்களுக்குப் பக்கத்தில் ஒரு பேனாக்கத்தி கிடந்தது. சும்மா எடுத்துத் திறந்து மடித்துப் பார்த்தார். கடிகாரம் வாங்காமல் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். “அந்தச் சத்தம் நல்லாருந்துச்சு” என்றார். காரணம் அவ்வளவுதான்.

சிஸ்டரின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவருக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்தபோது சிஸ்டர் வேலை பார்த்த தியேட்டரில்தான் செய்தார்கள். என் கணவர் ஊசிக்கே கண்ணை மூடுகிறவர். தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டு போனபோது அவர் முகம் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, கஞ்சி குடிக்கும்போது சொன்னார்: “உள்ள போனதும் எல்லாருக்கும் முகமூடி. யாரு என்னன்னே தெரியல. ஒரு மேஜை பக்கத்துல ரெண்டு கை மட்டும் ஒவ்வொண்ணா எடுத்து அடுக்கிட்டிருந்துச்சு. ஒரு கத்திரிய வச்சா வச்ச இடத்துல நிக்குது. சத்தமே இல்ல. சிஸ்டர் கைதான்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எனக்குப் பயம் வரல.”

நான் இதை சிஸ்டரிடம் சொன்னபோது, “சாருக்கு மயக்க மருந்து அப்பவே வேலை செஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமைகளில் அவருக்கு மதியத்தோடு வேலை முடிந்தால் நாங்கள் இருவரும் சிவாஜிநகருக்கு நடப்போம். எனக்குக் காய்கறி, பூ. அவருக்கு மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் பழைய சாமான் விற்கும் பாயின் கடை. பித்தளைக் குழாய், கைபிடி உடைந்த கேமரா, பழைய பங்களாக்களிலிருந்து வந்த பீங்கான் தட்டு என்று வாசல்வரை குவிந்திருக்கும். சிஸ்டர் வருவதைப் பார்த்ததும் பாய் ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். கத்திகளை ஒரு செருப்புப் பெட்டியில் தனியாக எடுத்து வைத்திருப்பார். மான் கொம்புப் பிடி போட்டதை மட்டும் சிஸ்டர் தொடமாட்டார். “சட்டப்படி தப்பு பாய், எடுத்து உள்ள வைங்க” என்பார்.

மற்றதையெல்லாம் பொறுமையாகப் பார்ப்பார். அலகைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முதுகுத் தகட்டுக்கும் அலகுக்கும் நடுவில் ஒளி கசிகிறதா என்று பார்ப்பார். முனையைப் பிடித்து அப்படி இப்படி அசைத்துப் பார்ப்பார். மடிக்கும்போது அலகு இரண்டு பக்கமும் உரசாமல் நடுவில் போய் உட்காருகிறதா என்று பார்ப்பார். யாராவது தீட்டித் தீட்டி அலகை மெலிய வைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்ப்பார். கடைசியில் கண்ணை மூடி, காதில். பெரும்பாலும் “நல்லாருக்கு பாய், ஆனா வேணாம்” என்று எழுந்துவிடுவார். பாய்க்கு அதில் கோபம் வராது. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் அவர் வாங்குவார். வாங்கியதைத் திருப்பிக் கொண்டுவந்ததே இல்லை.

ஒருமுறை முத்துச்சிப்பிப் பிடி போட்ட கத்தி ஒன்று வந்திருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது என்று அலகின் அடியில் பொறித்திருந்தது. பாய் அதைத் துணியிலிருந்து பிரித்ததும் நானே கிட்டே போய்ப் பார்த்தேன். வெயில் படும் பக்கம் திருப்பினால் இளஞ்சிவப்பு, கொஞ்சம் சாய்த்தால் பச்சை. எனக்குக் கத்தி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இதை இவர் வாங்காமல் போகமாட்டார் என்று தெரிந்தது.

சிஸ்டர் வெகுநேரம் பார்த்தார். ஒவ்வொன்றாக எல்லாம் சரியாக இருந்தது. காதில் வைத்தார். முகம் மாறியது. மறுபடி திறந்து மடித்தார்.

“உள்ள எங்கயோ பிடிக்குது பாய். ஸ்பிரிங்ல வெடிப்பு இருக்கும்னு நெனக்கிறேன்.”

“க்யா சிஸ்டரம்மா! இவ்ளோ நல்ல மால். நூறு வருஷம் வேலை செஞ்சிருக்குது, இப்ப வந்து வெடிக்கப் போகுதா?”

“இருக்கலாம். எனக்கு வேணாம்.”

கடையில் அப்போது இன்னும் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அந்தக் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சிஸ்டர் சொன்னதைக் கேட்டு மெதுவாக விலகிப் போனார். பாய் கத்தியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார்.

பத்து நாள் இருக்கும். பள்ளிக்கூடம் முடிந்து நான் கேட்டைத் திறக்கும்போது எதிர்வீட்டு வாசலில் சிஸ்டர் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார். சனிக்கிழமைகூட இல்லை.

“பாய் கடை வரைக்கும் வர்றீங்களா டீச்சர்? ஒரு வேலை இருக்கு.”

வழியில் சொன்னார். அவரிடம் ஏற்கெனவே இருந்த ஒரு கத்தி, வெகுநாள் திறக்காமல் இருந்தது, அன்று காலையில் அதே சத்தம் போட்டதாம். பிரித்துப் பார்த்தால் உள்ளே போட்ட எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. துடைத்து ஒரு சொட்டு புது எண்ணெய் விட்டுப் பத்து முறை திறந்து மூடியதும் சத்தம் சரியாகிவிட்டது. முத்துச்சிப்பிக் கத்தியில் இருந்ததும் அதுதான். வெடிப்பு இல்லை.

“அதனால என்ன சிஸ்டர்? இப்பப் போய் வாங்கிக்கலாம்.”

“வாங்கறதுக்கு இல்ல டீச்சர். நாலு பேர் முன்னாடி அவரோட பொருளப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன்.”

கடையில் அன்றும் ஆட்கள் இருந்தார்கள். சிஸ்டர் ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே, சந்துக்கே கேட்கும்படி சொன்னார்: “பாய், அந்த சிப்பிக் கத்தியில ஒரு குறையும் இல்ல. எண்ணெய் காஞ்சிருந்துச்சு, அவ்ளோதான். நான்தான் தப்பாக் கேட்டேன். கத்தி மேல குத்தம் இல்ல.”

பாய் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, “அது முந்தாநாளே போயிடுச்சே சிஸ்டரம்மா” என்றார். சொன்னபோது அவருக்குத்தான் வருத்தமாக இருந்தது.

சிஸ்டர் தலையாட்டினார். திரும்பி வரும்போது அந்தக் கத்தியைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. தவறவிட்டது அவர், புலம்பியது நான்.

இதெல்லாம் சொல்வதற்குக் காரணம், அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது.

சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து சிஸ்டர் கத்திகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் என் கணவர் கிரிக்கெட் பார்ப்பார் என்பதால் ஞாயிறு மத்தியானங்களில் அங்கே போய்விடுவது என் வழக்கம். ‘டக்’, ‘டக்’ என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. பழகிப்போய் அது என் காதில் விழுவதே இல்லை. திடீரென்று நின்றது. அதனால் நிமிர்ந்து பார்த்தேன்.

சிஸ்டர் கையிலிருந்த கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி மடித்தார். காதருகே கொண்டுபோய் மறுபடி. அதைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அதையும் வைத்துவிட்டு இன்னொன்று. ஐந்தாறு கத்தி ஆனது. பிறகு முதலில் எடுத்ததன் பிடியை வலது கைக்கு மாற்றி, தடுமாறித் தடுமாறி இடது கையால் மடித்தார். அதைக் கேட்டதும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

“டீச்சர், இத மடிங்க.”

மடித்தேன். டக்.

“இன்னொரு தடவ. மெதுவா.”

டக்.

“ஒரு சத்தம்தான?”

“ஒண்ணுதான். ஏன் சிஸ்டர்?”

“நான் வலது கையால மடிச்சா ரெண்டு வருது. ‘டக்’குக்கு முன்னாடி சின்னதா இன்னொண்ணு. எல்லாக் கத்தியிலயும் வருது.”

எனக்குப் புரியவில்லை. அவர் வலது கையை மேஜைமேல், வெள்ளைத் துணியின்மேல் வைத்தார். விரல்களை விரித்துக்கொண்டு அதைப் பார்த்தார். ஒரு கத்தியைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தக் கை ஆடவில்லை. என் பேனா மூடி அதன்மேல் நிற்கும்போல இருந்தது.

“நடுங்கலையே சிஸ்டர். களைப்பா இருக்கும். வாரம் பூரா நிக்கறீங்க.”

“கண்ணுக்குத் தெரியல. மடிக்கறப்ப விரல் ஒரு தரம் விட்டுப் பிடிக்குது. அதான் அந்தச் சத்தம்.” பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: “கத்தி மேல குத்தம் இல்ல டீச்சர்.”

நான் ஏதேதோ சொன்னேன். வைட்டமின் குறைவு என்றேன், காப்பியைக் குறைக்கச் சொன்னேன், டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மீதிக் கத்திகளுக்கும் எண்ணெய் போட்டு முடித்தார். துணியை மடித்தார். மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய், உடை மாற்றிக்கொள்ளாமல் நேராகத் தலைமை சர்ஜனிடம் போய், “இன்னியிலிருந்து நான் தியேட்டருக்குள்ள வரமாட்டேன் டாக்டர்” என்று சொல்லியிருக்கிறார்.

இது எனக்கு அந்த சர்ஜன் சொல்லித்தான் தெரியும். பிறகு ஒருநாள் சிஸ்டர் வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னார். சிஸ்டர் சொன்னதைக் கேட்டு முதலில் சர்ஜன் சிரித்தாராம். கையை நீட்டச் சொல்லிப் பார்த்தாராம். ஒன்றும் தெரியவில்லை. நரம்பு டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். அவரும் பார்த்துவிட்டு, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். “அவங்களே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க, வாங்க சிஸ்டர்” என்று சர்ஜன் கெஞ்சியிருக்கிறார். சிஸ்டர் கேட்கவில்லை. கருவிகளைச் சுத்தம் செய்து அனுப்பும் பிரிவில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சிலர் அவருக்கு யாருடனோ சண்டை என்று பேசிக்கொண்டார்கள். சிலர் பயந்துவிட்டார் என்றார்கள். அவர் யாருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

ஒரு வருடம் கழிந்து ஒரு காலையில், எங்கள் வீட்டில் காப்பி குடிக்கும்போது தட்டும் டம்ளரும் உரசி அவர் கையில் கிலுகிலுவென்று ஒலித்தன. என் கணவர் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார். பார்க்கின்சன் என்று நரம்பு டாக்டர் அதற்குப் பிறகுதான் பெயர் சொன்னார். டாக்டர்கள் ஒரு வருடம் கழித்துச் சொன்னதை இவர் ஒரு பேனாக்கத்தியை மடித்துக் கேட்டுவிட்டார். அதைக்கூட என்னால் நம்ப முடிகிறது. கேட்ட மறுநாளே எழுந்து போய்ச் சொன்னாரே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அவர் சொல்லியிருக்காவிட்டால் அந்த ஒரு வருடம் யாருக்கும் தெரிந்திருக்காது. அவருக்கு அந்தத் தியேட்டரைத் தவிர உலகத்தில் வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாகவும் எனக்குத் தெரியாது.

ஒரே ஒருமுறை கேட்டேன். “கொஞ்ச நாள் பொறுத்துச் சொல்லியிருக்கலாமே?”

“உள்ள படுத்திருக்கறது யாரு டீச்சர்? ஒருநாள் சார் படுத்திருந்தாரு” என்றார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சிஸ்டர் ஒரு காரியம் செய்தார். இழுப்பறையிலிருந்த ஒவ்வொரு கத்தியாக எடுத்து, தன் கையால் திறக்க முடிகிறதா என்று பார்த்தார். நல்ல மடக்குக்கத்திக்கு ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும். நகத்தை ஊன்றி இழுக்க வேண்டும். ஒன்று திறக்கவில்லை, அடுத்ததும் திறக்கவில்லை. திறக்காதவற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினார். கடைசியில் இழுப்பறையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“எனக்குத் திறக்காதது என்கிட்ட எதுக்கு? திறக்கறவங்ககிட்டப் போகட்டும்.”

கொடுத்ததும் வாங்கியது மாதிரியேதான். ஆளைக் கூப்பிட்டு மேஜைக்கு எதிரே உட்கார வைப்பார். நாலைந்து கத்தியை முன்னால் வைப்பார். ஒவ்வொன்றாகத் திறந்து மடிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். அந்த சர்ஜன் வந்து, படபடவென்று திறந்து மூடினார். “மெதுவா டாக்டர். இங்க யாரும் அவசர கேஸ் இல்ல” என்றார் சிஸ்டர். அவருக்கு எலும்புப் பிடி போட்ட இரண்டு அலகுக் கத்தி போயிற்று. கிளி மூக்குக் கத்தி சர்ச் தோட்டக்காரருக்கு. பாயை வீட்டுக்கே அழைத்துப் பிரியாணி போட்டு, அவரிடமே வாங்கிய ஒன்றை அவருக்கே திருப்பிக் கொடுத்தார். “க்யா சிஸ்டரம்மா, நான் விக்கிறவன், என்கிட்டயேவா?” என்று பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “விக்காதீங்க, வச்சுக்கோங்க” என்றார் இவர். என் கணவருக்குக் கருங்காலிப் பிடி போட்டது கிடைத்தது.

என்னையும் உட்கார வைத்தார். இருந்த எல்லாவற்றையும் திறந்து மூடினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “உங்க கைக்கு ஏத்தது இதுல இல்ல டீச்சர்” என்றார்.

இருபது வருடம் பையைத் தூக்கிக்கொண்டு நின்றவளுக்கு ஒரு கத்திகூட இல்லை! கொஞ்ச நாள் மனத்தாங்கலாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், எனக்காக மனசு இளகிப் பொருந்தாத ஒன்றை எடுத்து நீட்டியிருந்தால் அது அவராக இருந்திருக்காது.

அதற்கடுத்த மாதம், சிஸ்டர் தன் தங்கை வீட்டோடு இருக்கக் கோலாருக்குப் போவதாக முடிவாகியிருந்தது. போவதற்கு முந்தின சனிக்கிழமை, “பாய் கடைக்குப் போகணும் டீச்சர்” என்றார். விடைபெறத்தான் போகிறார் என்று நினைத்தேன். நடக்க முடியாது என்பதால் ஆட்டோவில் போனோம். சந்து முனையில் ஒரு தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் குவித்திருந்தது. “சீபேகாயி, சிஹி சீபேகாயி” என்று வண்டிக்காரன் கன்னடத்தில் கூவிக்கொண்டிருந்தான். சிஸ்டர் நிறுத்தச் சொல்லி, நன்றாக மணம் வரும் பழம் ஒன்றைத் தேர்ந்து வாங்கிக்கொண்டார்.

பாய் ஸ்டூல் போட்டார். சிஸ்டர் உட்கார்ந்து, “ஒரு கத்தி வேணும் பாய்” என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் எங்கோ பார்த்தேன்.

“யாருக்கு சிஸ்டரம்மா?”

“எனக்குத்தான். என் சேகரிப்புல இப்ப ஒண்ணும் இல்லையே.”

செருப்புப் பெட்டி வந்தது. சிஸ்டர் முதல் கத்தியை எடுத்தார். வலது கை அந்த நாளில் நன்றாகவே ஆடியது. நகம் பள்ளத்தில் போய்ப் பொருந்துவதற்குள் நழுவியது. மறுபடி வைத்தார். நழுவியது. மூன்றாம் முறை பொருந்தியது, ஆனால் அலகு அசையவில்லை. கத்தியைத் திருப்பிப் பார்த்தார். “நல்ல கத்தி” என்று சொல்லிக் கீழே வைத்தார். அடுத்தது. அதற்கும் அதே கவனம், அதே நிதானம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். அசைத்துப் பார்த்தார். அவர் கையிலேயே அது ஆடிக்கொண்டிருந்ததால், கத்தியின் ஆட்டம் எது, கையின் ஆட்டம் எது என்று பிரித்துப் பார்க்க வெகுநேரம் எடுத்தது. அவர் அவசரப்படவில்லை.

கடையில் பித்தளைக் குழாய் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல், “கொடி அம்மா, நானு தெரெது கொடுத்தீனி” என்று கையை நீட்டினார். திறந்து தருகிறேன் என்கிறார். பாய் அவர் கையைத் தடுத்தார்.

“டெஹரோ சாப். அவங்க பார்த்துக்குவாங்க.”

பாய் உள்ளே போய் ஒரு பட்டன் கத்தியைக் கொண்டுவந்தார். “இது பாருங்க. இங்க அமுக்கினா போதும்.” சிஸ்டர் அமுக்கினார். அலகு படாரென்று வெளியே பாய்ந்து நின்றது. எங்கள் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. குழாய்க்காரரே “ஹா” என்றார். சிஸ்டர் அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“இது தானா திறந்துக்குது பாய். எனக்கு நான் திறக்கற கத்தி வேணும்.”

மறுபடியும் பெட்டி. நல்லவை, அழகானவை, ஒரு காலத்தில் அவர் வாங்கியிருக்கக்கூடியவை எல்லாம் ஒவ்வொன்றாக ஒதுங்கின. எதையும் அவர் பெருமூச்சோடு வைக்கவில்லை. பெட்டியின் அடியில் மரப்பிடி போட்ட ஒரு சாதாரணக் கத்தி கிடந்தது. பிரான்ஸ் தேசத்து விவசாயிகள் சட்டைப்பையில் வைத்திருக்கும் வகை என்றார் சிஸ்டர். பழைய வகைதான், ஆனால் எங்கும் கிடைப்பது. முன்பெல்லாம் அவர் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். உருண்டையான பிடி முழுசாகக் கைக்குள் அடங்கியது. அலகில் நீளப் பள்ளம் இருந்ததால் நகம் தேவையில்லை. இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து இழுக்கலாம். திறந்தபின் கழுத்திலுள்ள வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளும்.

கிள்ளிப் பிடித்தார். நழுவியது. பிடித்தார். அலகு கொஞ்சம் எழும்பியது. கை ஆடியது. அலகும் கூடவே ஆடியது. விடாமல் இழுத்தார். மெல்ல மெல்ல, ஒரு கதவு திறப்பதுபோல, அது முழுசாகத் திறந்தது. வளையத்தைத் திருகினார். பிறகு திருப்பித் திருகி மடித்தார். கண்ணை மூடிக்கொண்டு காதருகே கொண்டுபோனார். அந்த வகைக் கத்தியில் சத்தம் அதிகம் வராது. மரத்தில் இரும்பு உட்காரும் ஒரு சிறு ஒலிதான். சந்தில் ஹாரன் அலறிக்கொண்டிருந்தது. பேரம் பேசிய பெரியவர் குழாயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

“இதுதான் பாய்” என்றார்.

பையிலிருந்து கொய்யாவை எடுத்தார். பாய் ஒரு பீங்கான் தட்டைத் துடைத்து முன்னால் வைத்தார். நான் பழத்தைப் பிடித்துக்கொள்ளலாமா என்று குனிந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிமிர்ந்துவிட்டேன். இடது கையால் பழத்தை அழுத்திப் பிடித்து, கத்தியை அதன்மேல் வைத்து, கை ஆடுகிற ஆட்டத்தை நிறுத்தப் பார்க்காமல், அந்த ஆட்டத்தோடேயே அறுத்தார். தட்டு கிணுகிணுத்தது. பழம் துண்டு துண்டாக விழுந்தது. ஒன்று பெரிசு, ஒன்று பொடிசு, ஒன்று கோணல். சிவந்த சதை மணந்தது.

பாய்க்கு ஒன்று கொடுத்தார். குழாய்க்காரருக்கு ஒன்று. எனக்கு ஒன்று. பிறகு தட்டிலிருந்தவற்றை நிதானமாக ஒரு பார்வை பார்த்து, இருப்பதில் பெரிய துண்டாக எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.